இலவசப் பட்டத்துக்கு எவ்வளவு செலவாகும்? திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஓர் உயர்கல்விக் கணக்கு

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள், அதாவது பல்கலைக்கழக இடத்துக்கான குறைந்தபட்சப் புள்ளிகள், வெளியாகும் காலத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. இத்தனை ஆயிரம் பேர் அரச பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவு என்பது ஒன்று. வட்டியில்லாக் கல்விக் கடனுக்கு விண்ணப்பம் கோரல் என்பது மற்றொன்று. நாட்டில் கல்வி இலவசம் என்று கேட்டே வளர்ந்த பெற்றோருக்கு இரண்டையும் ஒன்றாகப் படிக்கும்போது குழப்பம் வருவது இயல்பு. இலவசம் என்றால் கடன் எதற்கு? பிள்ளைக்கு இடம் கிடைத்த வீட்டிலோ வேறொரு கேள்வி: கட்டணமே இல்லாத படிப்புக்கு ஏன் தாயின் சங்கிலி அடகுக்குப் போகிறது?

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அரசு இலவசமாகத் தருவது எது, தராதது எது, தரும் பணம் எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

"இலவசம்" என்ற சொல் எதுவரை செல்லும்?

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1942இல்தான் தொடங்கியிருந்தது. இலவசக் கல்வி வந்த நாள்முதல் அரச பல்கலைக்கழகத்தின் முதற் பட்டத்துக்கு உள்நாட்டு மாணவர் கற்பித்தல் கட்டணம் செலுத்துவதில்லை. விரிவுரை, ஆய்வுகூடம், நூலகம், பரீட்சை ஆகியவற்றின் செலவைத் திறைசேரி ஏற்கிறது. பதிவுக்கும் விடுதிக்கும் அறவிடப்படும் தொகை சிறியது.

இதன் பெறுமதியைக் குறைத்துப் பேசக் கூடாது. வலை பின்னுபவரின் மகளும் வங்கி முகாமையாளரின் மகனும் ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே மேசையில் நிற்பதற்கு இந்த ஒரு தீர்மானம்தான் காரணம்.

ஆனால் "இலவசம்" என்ற சொல் பல்கலைக்கழக வாயிலோடு நின்றுவிடுகிறது. வாயிலுக்கு வெளியே உள்ளவை மூன்று:

1. வாயிலை அடையும்வரை ஆகும் செலவு. இரண்டு ஆண்டு உயர்தர வகுப்புக்குத் தனியார் கல்வி நிலையங்களில் மாதந்தோறும் கட்டும் பணம் இதில் பெரும்பங்கு. இலவசக் கல்வியின் கணக்கில் எங்கும் எழுதப்படாத, ஆனால் ஏறத்தாழ எல்லா வீடுகளும் செலுத்துகிற கட்டணம் இது.

2. வாழும் செலவு. உணவு, அறை வாடகை, பஸ், தொலைபேசி டேட்டா, கணினி, பிரதி எடுத்தல்.

3. காலம். 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் ஆரம்பமானது. பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. அதன் பிறகும் வெட்டுப்புள்ளிக்கும் பதிவுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இருபது வயதுப் பிள்ளை உழைக்கவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் வீட்டில் இருக்கும் அந்த மாதங்களுக்கும் ஒரு விலை இருக்கிறது.

யாருக்கு இடம் கிடைக்கிறது?

2022 உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்கான அடிப்படைத் தகுதி பெற்றோர் 1,66,000க்கும் மேல். அரச பல்கலைக்கழகங்களில் இருந்த இடங்கள் சுமார் 45,000. நான்கில் மூவர், தோற்காமலே வெளியில் நிற்கிறார்கள்.

இடங்களைப் பகிரும் முறை திருகோணமலைக்கு முக்கியமானது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு மக்கள்தொகைப்படி பிரிக்கப்படுகிறது. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்குரியது. திருகோணமலை அவற்றுள் ஒன்று. ஒரே இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளி) கொழும்பில் கைவிட்டுப் போகலாம், இங்கே இடம் பெற்றுத் தரலாம். கலைப்பிரிவுக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் பொருந்தாது. அங்கு தெரிவு அகில இலங்கைத் திறமைப்படியே நடக்கிறது.

பல்கலைக்கழக அனுமதிக்காக ஒருவர் மூன்று முறை பரீட்சைக்குத் தோற்றலாம். "இன்னொரு முறை எழுதலாமா, பணம் கட்டிப் படிக்கலாமா" என்று வீடுகளில் நடக்கும் விவாதத்தில் முதலில் பார்க்க வேண்டியது, தன் பிரிவில் திருகோணமலை மாவட்டத்துக்குக் கடந்த சில ஆண்டுகளின் வெட்டுப்புள்ளி என்ன, பிள்ளையின் புள்ளி அதற்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைத்தான். தூரம் சிறியதென்றால் மீண்டும் எழுதும் ஓர் ஆண்டு, பல லட்சம் ரூபாய்க் கடனைவிட மலிவானது.

இடம் கிடைக்காதவர்களுக்கு: வட்டியில்லாக் கடன்

செய்தியில் வரும் கடன் திட்டம் இவர்களுக்கானது. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காத மாணவர், அங்கீகாரம் பெற்ற அரசசாரா நிறுவனங்களில் தெரிவுசெய்யப்பட்ட பட்டப்படிப்புகளைத் தொடர 2017இல் இது ஆரம்பிக்கப்பட்டது. பணத்தை வங்கி தருகிறது; வட்டியை அரசு வங்கிக்குச் செலுத்துகிறது; மாணவர் முதலை மட்டும் திருப்பிக் கொடுக்கிறார். நான்கு ஆண்டுப் படிப்பு, முடிந்தபின் ஓர் ஆண்டு அவகாசம், அதன்பின் ஏழு ஆண்டுத் தவணை என்பதே அதன் அமைப்பு. தொடக்கத்தில் பாடநெறிக் கட்டணத்துக்கான உச்சவரம்பு 8 லட்சம் ரூபாய். அந்தந்த ஆண்டின் அறிவித்தலில் உச்சவரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டியில்லை என்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கணக்கே சொல்லும். 8 லட்சத்தை ஏழு ஆண்டுகளில், அதாவது 84 மாதங்களில், வட்டியின்றிச் செலுத்தினால் மாதத் தவணை சுமார் 9,520 ரூபாய். அதே தொகையை, உதாரணத்துக்கு 15 சதவீத ஆண்டு வட்டிக்கு ஒரு வங்கியில் எடுத்திருந்தால் மாதத் தவணை ஏறத்தாழ 15,400 ரூபாய். ஏழு ஆண்டு முடிவில் கட்டிய தொகை 13 லட்சத்தை நெருங்கும். இன்னொன்றும் உண்டு. விலைவாசி ஏற ஏற, இன்று வாங்கிய ரூபாயைவிட எட்டு ஆண்டு கழித்துக் கொடுக்கும் ரூபாயின் கனம் குறைவு. கடன் வாங்குவதென்றே தீர்மானித்த குடும்பத்துக்கு இதைவிட நல்ல கடன் இங்கே கிடைப்பது அரிது.

ஆயினும் கையெழுத்துக்கு முன் நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டும்.

1. வட்டி இல்லையே தவிர, இது கடன். படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டால் எடுத்த பணம் மறைந்துபோவதில்லை. பிள்ளை கட்டாவிட்டால் வங்கி வந்து நிற்பது பிணையாளியின் வாசலில். பிணைக்குக் கையெழுத்திடும் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். உறவுக்காகக் கண்ணை மூடிப் போட்ட கையெழுத்துகள் பின்னர் உறவையே அறுத்திருக்கின்றன.

2. பாடநெறிக் கட்டணம் உச்சவரம்பைத் தாண்டினால் மீதியை வீடு கட்ட வேண்டும். அந்த மீதி எவ்வளவு, எந்தத் தவணையில் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

3. தனியார் பட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவை கொழும்பிலும் அதைச் சுற்றியும் இருக்கின்றன. திருகோணமலையிலிருந்து கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். அங்கே நான்கு ஆண்டு வாழும் செலவு, பல வேளைகளில் கடன் தொகைக்கு நிகராகவே வந்து நிற்கும். பாடநெறிக் கட்டணத்தை மட்டும் பார்க்கும் பல வீடுகளில் யாரும் அதைக் கணக்கிடுவதில்லை.

4. அங்கீகாரம். உள்நாட்டு நிறுவனம் தன் பெயரில் பட்டம் வழங்க, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அந்த அங்கீகாரம் நிறுவனத்தின் பெயருக்கு மட்டுமன்றி, குறிப்பிட்ட பட்டத்துக்கும் தேவை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தை இங்கே நடத்துவதாகச் சொல்லும் கல்வி நிலையம் வேறு வகை. அங்கே பட்டம் தரும் பல்கலைக்கழகம், இலங்கையின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் ஏற்கப்படுகிறதா என்று கேட்க வேண்டும். "கம்பனியாகப் பதிவு செய்திருக்கிறோம்" என்பது இந்தக் கேள்விக்கு விடையாகாது. ஒரு கடையும் கம்பனியாகப் பதிவாகலாம்.

கடனுக்கு முன் பார்க்க வேண்டிய வாசல்கள்

இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் கீழ் இயங்கும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் திருகோணமலையிலேயே இருக்கிறது. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் போன்றவற்றில் உயர் தேசிய டிப்ளோமா வழங்கும் நிறுவகம் இது. முழுநேரப் பாடநெறிக்குக் கட்டணம் இல்லை. வார இறுதி வகுப்புக்குத்தான் உண்டு. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால், ஒரு பட்டத்துக்காகக் கொழும்பில் செலவாகும் லட்சங்களில் பெரும்பகுதி மிஞ்சுகிறது. "பல்கலைக்கழகம் இல்லையே" என்ற மனக்குறையால் இந்த வாசலைக் கடந்துபோகிறவர்கள் கணக்கை இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஆசிரியத் தொழிலை விரும்புவோருக்குத் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ளவை நமக்கு அண்மையானவை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பதற்குத் திறந்த பல்கலைக்கழகம் பொருத்தமானது. அங்கு கட்டணம் உண்டு, ஆனால் பாடம் பாடமாகக் கட்டிப் படிக்க இயலும்.

இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் பற்றி இங்கே பலருக்குத் தெரிவதில்லை. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக ஆண்டுதோறும் விண்ணப்பம் கோரப்படுகிறது. இளநிலைப் பட்டத்துக்கு நேரு ஞாபகார்த்தத் திட்டம், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தித் திட்டம், முதுநிலைக்கு மௌலானா ஆசாத் திட்டம். கற்பித்தல் கட்டணத்தோடு மாத உதவியும் கிடைக்கும். நேரு திட்டத்தில் மருத்துவப் படிப்பு அடங்காது.

இடம் கிடைத்தவர்களுக்கு: விருப்பப் பட்டியலே முதல் பணக் கணக்கு

பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தில் பாடநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசையில் எழுத வேண்டும். ஒரே பாடநெறி வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. அந்த வரிசைதான் பிள்ளை நான்கு ஆண்டு எங்கே உண்டு உறங்கப்போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இது ஒரு மாலைப்பொழுதில், வகுப்பு ஆசிரியர் சொன்ன வரிசையில் நிரப்பப்பட்டுவிடுகிறது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. தொடர்பாடல், வணிகம், கணினி விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. உப்புவெளி, நிலாவெளி, நகரப் பிள்ளைகள் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் பருவச்சீட்டோடு போய்வரலாம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை "பாதை" எனும் படகுச் சேவைக்காகக் கரையில் காத்திருந்த ஊர்களிலிருந்தும் இப்போது போய்வர வழி இருக்கிறது. தாயின் கையால் உண்டு படிப்பதில் மிச்சமாகும் பணத்துக்கு ஈடான புலமைப்பரிசில் எதுவும் இந்த நாட்டில் இல்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் உள்ள வந்தாறுமூலைக்குப் போனால் தூரம் சுமார் 120 கிலோமீற்றர். வார இறுதியில் வீடு வரலாம். யாழ்ப்பாணமும், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள ஒலுவிலும் அதைவிடத் தொலைவு. பேராதனை, கொழும்பு, மொரட்டுவை என்றால் தவணை விடுமுறைக்கு மட்டுமே வீடு.

இதனால் எல்லோரும் கோணேசபுரியையே முதலில் எழுதுங்கள் என்று சொல்லவில்லை. பொறியியலுக்கு மொரட்டுவையும் மருத்துவத்துக்குக் கொழும்பும் விரும்பும் பிள்ளையைத் தூரத்தைக் காட்டித் தடுப்பது பெரும் பிழை. ஒரே பாடநெறி, ஒரே தரம், இரண்டு இடங்கள் என்று வரும்போது மட்டும் பணத்தைத் தராசில் வையுங்கள். பெண்பிள்ளையின் வரிசை மட்டும் வீட்டுக்கு அருகே சுருக்கப்படுவதும் பல குடும்பங்களில் நடக்கிறது. அதற்குக் காரணம் செலவு என்று சொல்லப்பட்டால், அண்ணனுக்கும் அதே கணக்குப் போடப்பட்டதா என்று கேட்பது நியாயம்.

மஹாபொலவும் பர்சரியும்

வாழும் செலவுக்கு அரசு தரும் உதவி இரண்டு வகை. மஹாபொலப் புலமைப்பரிசில், அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி முன்னின்று உருவாக்கியது. 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் நம்பிக்கை நிதியமாக அமைந்தது. லொத்தர் வருமானமும் அதன் ஊற்றுகளில் ஒன்று. திறமைக்காக ஒரு பகுதியும் குடும்ப வருமானம் பார்த்து ஒரு பகுதியும் வழங்கப்படுகின்றன. அது கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வழியாகப் பர்சரி எனும் மாத உதவிப்பணம் கிடைக்கிறது.

2022இல் விலைவாசி வெடித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். மஹாபொல மட்டும் மாதம் 5,000 ரூபாயிலேயே நின்றது. மாணவர் பட்டினி கிடந்து விரிவுரைக்குப் போன அந்தக் காலத்தை ஒரு நாடு என்ற வகையில் நாம் மறக்கக் கூடாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் மஹாபொல 7,500 ரூபாயாகவும் பர்சரி 4,000இலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன.

2025இல் உயர்த்திய அந்த 7,500 ரூபாயையும் நாளுக்குப் பிரித்தால் 250 ரூபாய்தான். ஆண்டுக்குப் பத்துத் தவணை என்பதால் 75,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 3 லட்சம். வெளியூரில் ஒரு நாள் உணவுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 21,000 ரூபாய் ஆகிறது. அந்த 7,500 ரூபாய் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தாங்கும். அறை வாடகை இன்னும் கணக்கில் வரவில்லை. பிள்ளைக்கு மஹாபொல கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று ஊரார் சொல்வதை நம்பிக் கையை விட்டுவிடக் கூடாது.

விண்ணப்பத்தில் வருமான விபரத்தைக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலாளரும் உறுதிப்படுத்த வேண்டும். மாதச் சம்பளப் பத்திரம் உள்ளவருக்கு இது எளிது. கரைவலை இழுப்பவருக்கும் கூலிக்கு நாற்று நடுபவருக்கும் அப்படியில்லை. நல்ல மாதத்து வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதினால் உதவி தவறிப்போகலாம். குறைத்து எழுதுவது பொய். மாரியில் கடலுக்குப் போகாத நாட்களையும் வேலை இல்லாத மாதங்களையும் கழித்து, உண்மையான ஆண்டு வருமானத்தைச் சொல்லுங்கள். படித்துக்கொண்டிருக்கும் உடன்பிறப்புகளின் பாடசாலைக் கடிதங்களையும் இணையுங்கள்.

முதல் நான்கு மாதங்கள்

குடும்பங்கள் கடனில் விழுவது பெரும்பாலும் இங்கேதான். விரிவுரை தொடங்கியபின் விண்ணப்பம், சரிபார்ப்பு, தெரிவு எல்லாம் முடிந்து முதல் மஹாபொலத் தவணை கணக்கில் விழுவதற்குப் பல மாதங்கள் ஆகிவிடுகின்றன. செலவோ முதல் நாளே முழு வேகத்தில் தொடங்குகிறது: அறைக்கு முற்பணம், மெத்தை, மின்விசிறி, கணினி, பயணம். மொத்தச் செலவைத் தாங்கக்கூடிய வீடும் இந்த மாதங்களில் தடுமாறுகிறது. வட்டிக்காரரும் நுண்கடன் முகவரும் வாசலுக்கு வருவது இந்த இடைவெளியில்தான்.

நம் மாவட்டத்தின் வருமானம் பருவத்தைப் பார்த்தே வருகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் கரையோர வீடுகளில் காசு இருக்காது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் பெரும்போக நெல் விற்றபின்தான் கை நிமிரும். நிலாவெளியில் உல்லாசப் பயணிகளை நம்பியவருக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் உழைப்பு. பல்கலைக்கழகம் தொடங்கும் மாதம் இவற்றில் எதையும் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை.

இதற்கு வீட்டளவில் செய்யக்கூடியவை சில:

1. பரீட்சை முடிந்த நாளிலிருந்து பதிவுவரை உள்ள நீண்ட காத்திருப்பே சேமிப்புக் காலம். மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கினால் ஓர் ஆண்டில் 60,000. மேலே சொன்ன உதாரணக் கணக்கில் அது ஏறத்தாழ மூன்று மாத உணவு.

2. ஊரில் சீட்டுப் பிடிப்பவர் நம்பிக்கையானவர் என்றால், கழிவு கொடுத்து முந்தி எடுக்காமல் பதிவு மாதத்தை ஒட்டி எடுக்குமாறு திட்டமிடுங்கள்.

3. நகை வைத்தே ஆக வேண்டுமென்றால் வங்கியின் அடகுப் பிரிவில் வையுங்கள். தெரிந்தவரிடம் கைமாற்றாகக் கொடுத்து எழுத்தில்லாமல் விடாதீர்கள். மீட்கும் மாதத்தை அன்றே குறித்துவையுங்கள். பெரும்போக அறுவடையோ உல்லாசப் பருவமோ, உங்கள் வீட்டுக்கு எது பொருந்துகிறதோ அது.

4. கணினியை முதல் வாரத்திலேயே வாங்க வேண்டியதில்லை. பல பீடங்களில் கணினிக்கூடம் உண்டு. மூத்த மாணவரிடம் விசாரித்துவிட்டு இரண்டாம் அரையாண்டுக்குத் தள்ளலாம்.

அரசு செய்ய வேண்டியது இதைவிட எளிது. உதவிக்குத் தகுதியான பிள்ளை யார் என்பது அனுமதிக் கடிதம் அனுப்பும்போதே தெரிந்துகொள்ளக்கூடிய விடயம். அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசும பட்டியலில் ஏற்கனவே சரிபார்க்கப்பட்டிருக்கும் குடும்பத்திடம் மீண்டும் மாதக்கணக்கில் வருமானச் சான்று கேட்கத் தேவையில்லை. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காவது முதல் தவணையைப் பதிவு நாளிலேயே கொடுத்துவிடலாம். மஹாபொலத் தொகையை உயர்த்தக் கேட்பதற்கு முன், அதே தொகையை முதல் மாதத்தில் கேட்க மாணவர் ஒன்றியங்களும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் முன்வர வேண்டும். திறைசேரிக்கு இதனால் ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவாகாது. கோணேசபுரிக்கு வரும் மன்னார்ப் பிள்ளைக்கும், பேராதனைக்குப் போகும் மூதூர்ப் பிள்ளைக்கும் அந்த முதல் மாதத்து அறை வாடகைக்கு அது போதும்.